அவரைக்கொட்டைத் தட்டு

எங்கள் சமையலறைத் தரையில், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. வெள்ளை இனாமல் பூசியது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒரு பக்கம் உள்வாங்கி, மறுபக்கம் புடைத்து, அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். விளிம்பு நீலம். அந்த நீலம் உள்பக்கமும் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். அங்கங்கே இனாமல் பெயர்ந்து கறுப்பு தெரிகிறது. ஓசூரில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது பழைய சாமான்களை ஒழித்துக் கட்டிய என் மருமகள், இதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அத்தை, இது ஆஸ்பத்திரியில வாந்தி புடிக்கிற தட்டு. இத ஏன் சமையக்கட்டுல வெச்சிருக்கீங்க?” என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆஸ்பத்திரியில் இதற்குக் கிட்னி ட்ரே என்று பெயர். ஆனாலும் தூக்கிப் போடவிடவில்லை. கிழவிக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன மாதம் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. என் மகன் வளர்க்கிற கடுவன் பூனை, காலையிலிருந்து மணல் பெட்டிக்குப் போவதும் குந்துவதும் முக்குவதும் எழுந்து வருவதுமாக இருந்தது. மருமகள், “மலச்சிக்கல் போல” என்று கைப்பேசியில் மருந்து தேட ஆரம்பித்தாள். நான் மணலைக் கிளறிப் பார்த்தேன். ஈரமே இல்லை. “மலச்சிக்கலும் இல்ல ஒண்ணும் இல்ல, அதுக்கு நீர் அடைச்சிருக்கு. இப்பவே தூக்கிக்கிட்டுப் போங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருந்தா பூனை இருக்காது” என்றேன். போனார்கள். பிழைத்தது. அங்கே இருந்த இளம் டாக்டரம்மா, பொட்டலத்துக் காய்ந்த தீனியைக் குறைத்து ஈரமான சாப்பாடாகக் கொடுங்கள், எப்படியாவது தண்ணீர் உள்ளே போகட்டும் என்று சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்த மகன் என்னை ஒரு மாதிரி பார்த்து, “உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றான். எனக்குத் தெரியவில்லை, என் சின்னம்மாவுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் குருபரப்பள்ளிக்குப் போக வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில், பெரிய ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர் குருபரப்பள்ளி. அப்பாவுக்கு அங்கே ரோட்டோரம் ஒரு கடை. கயிறு, சாக்கு, அரிக்கேன் கண்ணாடி, வெல்லம், மாட்டுக்குப் புண்ணாக்கு, வண்டிக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். கடைக்குப் பின்னால் வீடு. அப்பாவின் சொந்த ஊர் மத்தூர்ப் பக்கம். வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சு கிடையாது. என்னைப் பெற்றவள் நான் விவரம் தெரியாத வயதிலேயே போய்விட்டாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அப்பா ஓசூருக்கும் அந்தப் பக்கம் இருக்கிற பேரிகையிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். மத்தூரில் பெண்ணா இல்லை, எங்கோ போய்த் தெலுங்கு பேசுகிற வீட்டில் எடுத்தானே என்று பேசிக்கொண்டார்கள். சின்னம்மா கட்டைவண்டியில் வந்து இறங்கினாள். ஒரு கையில் துணிமூட்டை. இன்னொரு கையில் மூடிபோட்ட மூங்கில் கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் கோடு போட்ட ஒரு கடுவன் குட்டி, வழி முழுதும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. கடைக்கு வருகிறவர்கள், ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று பீடி அணையும் வரை வாதாடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரிவினை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. கடையும் கூடமும் தமிழ். அடுப்படி தெலுங்கு. பூனையும் தெலுங்குதான். “வா” என்று நான் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. “ரா” என்று அவள் முணுமுணுத்தால் பரணிலிருந்து குதித்து வரும். சின்னம்மாவுக்குக் கன்னடமும் வரும், பேரிகைப் பக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் எங்களுக்கு வராதே. தமிழில் வா, போ, சோறு, தண்ணி என்கிற அளவோடு நின்றுவிடுவாள். அதனால் பகல் முழுதும் அவள் பேசிய ஒரே ஆள் பூனைதான். அதற்குத் தனியாகப் பேர் வைக்கவில்லை. தெலுங்கில் பூனைக்கு என்ன பேரோ அதுவேதான்: பில்லி.

அந்தப் பேரால் வந்த வினையைச் சொன்னால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, மத்தூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். வாய் கொஞ்சம் நீளமே ஒழிய மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள். அடுப்படிக்குள்ளிருந்து காலையில் ஒரு தரம் “பில்லி”, மதியம் ஒரு தரம் “பில்லி”, விளக்கு வைக்கிற நேரத்தில் குரலை இழுத்து “பில்லீ” என்று கேட்டால் தமிழ்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? “வந்தவ எந்நேரமும் பில்லி பில்லிங்கறா. பில்லியும் சூனியமும் வெக்கற வூட்டுலயா போயிப் பொண்ணெடுத்த?” என்று அப்பாவிடம் கேட்டேவிட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்து, பூனையைக் காட்டி விளக்கினார். அத்தை அரை மனசாகத் தலையாட்டினாள். ஆனால் அதற்கு முன்பே தண்ணீர்க் கிணற்றடியில் அந்தப் பேச்சைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். போட்ட பேச்சைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எந்தக் கிணற்றடியிலும் இல்லை. சின்னம்மா குடத்தோடு போனால் அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் பாஷை இல்லை.

ஒரு நாள் அப்பாவிடம் அவள் அரைகுறைத் தமிழில் சொன்னது எனக்குக் கேட்டது. “ஈ இண்ட்ல நாகூட பேசறது அது ஒண்ணே. அது போனா நானும் ஊருக்குப் போய்டறேன்.” ‘ஈ இண்ட்ல’ என்றால் இந்த வீட்டில். ‘அது’ என்றது பூனையை. நான் பாயில் படுத்துத் தூங்குவது போல இருந்தேன். அதற்குள் எனக்குத் தலை சீவி விடுகிறவள் அவள்தான். சிக்கு எடுக்கும்போது முடியின் அடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், இழுப்பு மண்டைக்குத் தெரியாது. அத்தை சீவினால் நான் அழுவேன். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவள் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு அப்போது தெரியவில்லை. பூனை நன்றாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து கவலைப்பட ஆரம்பித்தேன்.

பூனைக்கு எங்கள் வீட்டில் ராஜ சாப்பாடு. சந்தைக்குப் போகிற நாளெல்லாம் அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கட்டுக் கருவாடு வாங்கி வருவார். குழம்புக்கு எடுத்தது போக மீதியில், நல்ல சதைப்பற்றாகப் பார்த்து சின்னம்மா பூனைக்கு என்று தனியாக எடுத்து வைப்பாள். ஊறவைப்பது, கழுவுவது எல்லாம் கிடையாது. அப்படியே உடைத்துப் போடுவாள். அது மொறுமொறுவென்று மென்று தின்னும். அவள் எதிரே குந்தி, தான் சாப்பிடுவது போல வாயை அசைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். பூனைக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பானையடியில் சிந்தியது போதாதா என்று இருந்துவிட்டோம். வெல்லமூட்டைக்கும் புண்ணாக்குக்கும் வருகிற எலிகளைக்கூட அது பிடித்துப் போட்டுவிட்டுப் போகும், தின்னாது. கருவாட்டு ருசி கண்ட வாய்.

கோடை தொடங்கிய சமயம், அப்பா சரக்கு எடுக்கச் சேலம் போயிருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் பூனை அடுப்புச் சாம்பலில் குந்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் முக்கியது, எழுந்தது, இன்னோர் இடத்தில் போய்க் குந்தியது. அடியில் நக்கிக்கொண்டது. வெயில் ஏறியதும் ஒரு மாதிரியான குரலில் கத்தத் தொடங்கியது. அது பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. அத்தை பார்த்துவிட்டு, “வவுறு கட்டிக்கிச்சு. கருவாடு சூடு. வெளக்கெண்ண ஊத்தினா போயிரும்” என்று, குழந்தைகளுக்கு மருந்து புகட்டுகிற பாலாடையை எடுத்தாள். நல்ல எண்ணத்தோடுதான் ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி அவள் புடவையில் போயிற்று. உச்சிப்பொழுதுக்கு முன்னால் பூனை வாந்தி எடுத்து, கத்துவதையும் நிறுத்திவிட்டுச் சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்தது. கத்தலைவிட அது அடங்கியதுதான் பயமாக இருந்தது. சின்னம்மா சாம்பலை ஒரு குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள், எங்கும் ஈரம் இல்லை. பிறகு எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் தனியாக ரோட்டுக்குப் போனது அன்றுதான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கிருஷ்ணகிரி போகிற பஸ் புளியமரத்தடியில் நின்றிருந்தது. கண்டக்டர் வேலைக்குப் புதிதாக வந்தவர், சேலத்துக்குத் தெற்கே எங்கோ ஊர். சின்னம்மா பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “பில்லிகி உச்ச ராலேது. சச்சிப்போதுந்தி. டாக்டருக்குச் செப்பு” என்றாள். பூனைக்கு நீர் இறங்கவில்லை, செத்துப்போய்விடும், டாக்டரிடம் சொல் என்று அர்த்தம். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. எஞ்சின் வேறு உறுமுகிறது. அந்த மனிதர் காதில் என்ன விழுந்திருக்கும்? பிள்ளைக்கு உச்சா வரவில்லை, டாக்டரைக் கூப்பிடு. உச்சா என்பது எல்லாப் பாஷைக்கும் பொதுவான சொல்லாகப் போயிற்று. பில்லியும் பிள்ளையும் அந்த இரைச்சலில் ஒன்றாகிவிட்டன. பக்கத்தில் அழுத முகத்தோடு நான் வேறு நிற்கிறேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஐயோ பாவம். நீங்க வூட்டுக்குப் போங்கம்மா, நான் சொல்லியனுப்பறேன்” என்று விசிலை ஊதினார்.

இன்னொரு குழப்பமும் அதில் இருந்தது, அது எங்களுக்கே பிறகுதான் விளங்கியது. சின்னம்மாவின் ஊரில் மனிதர்களுக்கு நோய் வந்தால் நாட்டு வைத்தியர். டாக்டர் என்று யாராவது சொன்னால் அது மாட்டு டாக்டர்தான். சர்க்கார் மாட்டுப் பண்ணை இருந்த ஓசூர்ப் பக்கம் மாட்டுக்கு இருந்த ராஜ வைத்தியம் மனிதனுக்கு ஏது? அவள் சொன்ன டாக்டர் அவர். கண்டக்டர் போய்ச் சொன்னதோ கிருஷ்ணகிரியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டிஸ்பென்சரி வைத்து மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்த எல்.எம்.பி. டாக்டரிடம்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முகமெல்லாம் செம்மண் அப்பிய ஒருவர் பையோடு உள்ளே வந்தார். நான் பூனை படுத்திருந்த சாக்குக்குப் பக்கத்தில், பாயில் சுருண்டு படுத்துத் தேம்பிக்கொண்டிருந்தேன். அவர் நேராக வந்து என் அருகில் மண்டி போட்டு, என் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். “வலிக்குதா பாப்பா?” என்றார். இல்லை என்றேன். “உச்சா எப்போ போனே?” “இப்பத்தான்.” “இப்பத்தான்னா?” “நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வேலியாண்ட.” அவர் நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தார். அவள் பதறிப் போய், இல்லை என்று கையை ஆட்டி, “அதி காதய்யா. பில்லி, பில்லி” என்றாள். “பிள்ளைதானே பாக்கறேன்” என்று அவர் மறுபடி என் வயிற்றைப் பிடித்தார். அத்தை நடுவில் புகுந்து தமிழில் சொல்லப் போனாள். வார்த்தை வருவதற்குள் அவளுக்கு வெட்கம் வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம். அவர் பேசிய தமிழில் அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டவள் சின்னம்மாதான். “பெக்கு, ஸ்வாமி” என்றாள் கை கூப்பி. “பெக்கு.” கன்னடத்தில் பூனைக்கு அதுதான் பேர்.

டாக்டர் என் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். சாக்கின் மேல் கிடந்த பூனையைப் பார்த்தார். டிஸ்பென்சரியில் காத்திருந்தவர்களை விட்டுவிட்டு, வேகாத வெயிலில் வந்திருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்து சின்னம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்துப் புழுதியைக் கைக்குட்டையால் துடைத்தார். “பிள்ளைன்னு நெனச்சு வந்தாச்சு” என்றார். “வந்தப்புறம் பிள்ளை இல்லேன்னு திரும்பிப் போறதா? கொஞ்சம் வெந்நீர் வையுங்கம்மா.” அந்த மனிதர் அன்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் கிளம்பவில்லை.

பூனையின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “எலுமிச்சங்கா மாதிரி நிக்குது. வயிறு கட்டலைம்மா, மூத்திரப்பை நெறஞ்சிருக்கு. வழி அடைச்சிருக்கு” என்றார். அத்தை பாலாடையைப் பின்னால் மறைத்தாள். டாக்டர், சிறு பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்திருந்த ரப்பர் குழாயை எடுத்து அளந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிப் பைக்குள்ளேயே வைத்தார். அது பூனைக்கு எங்கே போகும்? பையைக் கவிழ்த்துத் தேடினார். கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வடிகிறவர்களுக்குக் கண்ணோரத்துச் சின்னத் துளையைக் கழுவிவிடுகிற ஊசி ஒன்று இருந்தது. நுனி மழுங்கியது, குத்தாது. அதைக் கொதிக்கவைத்தார். கடைச் சாக்கில் பூனையைச் சுற்றினார்கள். பில்லி சூனியம் என்று பயந்த அத்தையே தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னம்மா காதோரம் குனிந்து தெலுங்கில் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் முதலில் அடைப்பு இருந்த இடத்தை விரல் நுனியால் மெல்ல உருட்டினார். ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு துணுக்கு வந்தது. பிறகு அந்த ஊசியால் ஆறவைத்த உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். விட்டார், நிறுத்தினார், விட்டார். நான் அவரது நெற்றி வியர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, அவர் அடியில் வைத்திருந்த அவரைக்கொட்டைத் தட்டில் சொட்டுச் சத்தம் கேட்டது. அடுத்துத் தாரையாக வந்தது. செந்நிறம், நாற்றம் தாங்கவில்லை. அந்த நாற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.

தட்டைச் சாய்த்து, அடியில் தங்கியிருந்ததை விரலால் தொட்டு எங்களுக்குக் காட்டினார். பொடி மணல். “என்ன சாப்பாடு?” என்று கேட்டார். கருவாடு என்றோம். தண்ணீர் குடிக்குமா என்று கேட்டார். அது குடித்து நாங்கள் பார்த்ததில்லை என்றோம். “நான் பூனை டாக்டர் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது மனுசன் ஒடம்பு. இங்க கல் ஒடைக்கறாங்களே, வெயில்ல வேலை, தண்ணி குடிக்க மாட்டாங்க. அவங்களுக்குத்தான் நீர்ல கல்லு ஜாஸ்தி வருது. இதுவும் அப்படித்தான்னு நெனைக்கறேன். காஞ்சதையே தின்னுட்டுத் தண்ணியில்லாம கெடக்குது. பூனை தண்ணியத் தேடிப் போய்க் குடிக்கற ஜாதி இல்ல. சோத்துக்குள்ள தண்ணி இருந்தா தானா உள்ள போயிடும்.” இதைத் தமிழில் எங்களுக்கும் கன்னடத்தில் சின்னம்மாவுக்குமாக மாற்றி மாற்றிச் சொன்னார். கருவாட்டை நிறுத்தி, ஏரி மீன், கோழிக்குடல், முட்டை எது கிடைத்தாலும் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு பிசைந்து வைக்கச் சொன்னார். சின்னம்மா எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள். அவர் சுற்றிலும் பார்த்து, காலடியில் இருந்த அந்தத் தட்டையே காட்டினார். “இதைச் சுண்ணாம்பு போட்டுக் கொதிக்கவெச்சு, சாம்பல் போட்டுத் தேச்சு வெச்சுக்கங்க. சோறு போட்டா, தண்ணி இந்த நீலத்தைத் தொடணும். நான் திருப்பி எடுத்துட்டுப் போனா எங்க கம்பவுண்டர் ஆயிரம் கேள்வி கேப்பான்.” மறுபடி அடைத்தால் சும்மா இருக்கக் கூடாது என்றும், மாட்டு டாக்டரையும் ஒரு தரம் பார்த்துவிடும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மோட்டார் சைக்கிளை உதைப்பதற்கு முன்னால், அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவருக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “உனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா” என்றார்.

பூனை பிழைத்தது. ஆனால் தண்ணீர்ச் சோற்றைத் தொடவில்லை. மோந்து பார்க்கும், பின்னங்காலை உதறும், திரும்பிப் போகும். கருவாட்டுப் பானைக்கு நேரே உட்கார்ந்து கத்தும். சேலத்திலிருந்து வந்த அப்பா, “பசிச்சா தானா தின்னும்” என்றார். சின்னம்மா ஒப்பவில்லை, பட்டினி போட்டால் அதனாலேயே செத்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. விரலில் தொட்டு மூக்கில் தடவினாள், வாயோரத்தில் தடவினாள். அது நக்கித்தானே ஆகவேண்டும்? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே ஒரு கருவாட்டுத் தலையை உப்புப் போகக் கழுவி, துணியில் முடிந்து, மீன் வேகும் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுவாள். கருவாடு கிடையாது, அதன் வாசனை மட்டும். அந்த வாசனைக்கு ஏமாந்து பூனை தட்டில் வாயை வைத்தது. முதலில் தண்ணீரை நக்கியது. நக்கி நக்கி, நீலக் கரைக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. சின்னம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் காலை, ஒரே ஒரு கேள்வியோடு விடிந்தது. சின்னம்மா, பூனைக்கென்று சாம்பல் கொட்டி வைத்திருந்த மூலையைப் பார்த்துவிட்டு வருவாள். “போசிந்தா?” என்று அவள் தனக்குத்தானே தெலுங்கில் கேட்டுக்கொள்வது, உச்சா போனதா என்பதற்கு. அத்தை கூடத்திலிருந்து “போச்சா?” என்பாள். கடைக்கு முன்னால் வியாபாரத்தில் இருக்கிற அப்பாவும் தலையை உள்ளே நீட்டி, “போச்சா?” என்பார். வெல்லம் வாங்க நிற்கிறவர்கள், என்ன போச்சோ என்று திகைப்பார்கள். இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீடு ஒன்றாயிற்று என்று எனக்குத் தோன்றும். அங்கே தொடங்கி, வெந்ததா, வந்ததா, குளித்தாயா என்று சின்னம்மாவின் தமிழ் வளர்ந்தது. அத்தையும் நாலு சொல் தெலுங்கு கற்றுக்கொண்டு, கிணற்றடியில் போய், பில்லி என்றால் பூனை, அது தெரியாதா உங்களுக்கு என்று அடுத்தவர்களைக் கேலி செய்துவிட்டு வந்தாள். ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சைச் சின்னம்மா பிறகு எடுக்கவே இல்லை. பூனை ரொம்ப காலம் இருந்து, கிழடாகி, வெல்லமூட்டைகளுக்கு நடுவில் தூக்கத்திலேயே போயிற்று. அதற்குள் அவள் எங்கேயும் போக முடியாதபடி நாங்கள் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டோம்.

அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. என்னைப் படிக்க வைக்க அப்பாவிடம் சண்டை போட்டவள் அவள். என் பிரசவங்களைப் பார்த்தவள் அவள். வெயிலில் அலைந்து வருகிற யாருக்கும், வீட்டு மனிதராக இருந்தாலும் வண்டிக்காரராக இருந்தாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் வந்த காரியம் கேட்பாள். எங்கள் சாப்பாட்டுத் தட்டில்கூட அவள் கண்ணுக்கு ஒரு நீலக் கரை தெரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு தாய் போய், இன்னொரு தாய் போகாமல் நின்றாள். நின்றதற்குக் காரணம், காது தவறிய ஒரு கண்டக்டரும், கோபித்துக்கொண்டு திரும்பிப் போகாத ஒரு டாக்டரும். அந்த டாக்டரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. கும்பிட வேண்டும் என்று தோன்றும் வயது வந்தபோது அவர் இல்லை.

சின்னம்மாவின் கடைசி நாட்களில், ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கற்றுக்கொண்ட தமிழ் எல்லாம் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போய்விட்டது. பேரிகைத் தெலுங்கு மட்டும் மிஞ்சியது. ஒரு மதியம், கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த நர்ஸ் பெண், நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க, என்னைக் காட்டி, “பாட்டி, இது யாரு?” என்றாள். சின்னம்மா என்னை நிறைய நேரம் பார்த்தாள். “நா பில்ல” என்றாள். என் பெண் என்று தெலுங்கில் அதற்கு அர்த்தம். நர்ஸ் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாது. “பிள்ளையா? உங்க பிள்ளை உங்கள நல்லாப் பாத்துக்கறாங்க பாட்டி” என்று தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். தப்பாகக் காதில் விழுந்திருக்கிறது என்று அவளைத் திருத்த எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இன்றைக்குக் காலையிலும் மகன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகு, மீனை வேகவைத்துப் பிசைந்து, தட்டில் போட்டு, நீலத்தைத் தொடுகிற மட்டும் தண்ணீர் விட்டேன். பூனை வந்து மோந்து பார்த்தது, பின்னங்காலை உதறியது, பிறகு நக்க ஆரம்பித்தது. நான் மெதுவாகக் குனிந்து மணல் பெட்டியை எட்டிப் பார்த்து, “போசிந்தா?” என்றேன். பூனையைத்தான் கேட்டேன். “போச்சு அத்தை” என்று உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்.